பரணில் ஏறிய நட்சத்திரம்: பண்டிகைகளின் வேர் குறித்து ஒரு வாசகிக்குப் பதில்

கடிதத்தின் சுருக்கம்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 38 வயது ஆசிரியை ஒருவர் ஒன்பது பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன். அவரும் கணவரும் தலைமுறைகளாக சி.எஸ்.ஐ. சபையில் இருக்கும் குடும்பங்களில் பிறந்தவர்கள். 13 வயதில் மகளும் 9 வயதில் மகனும் இருக்கிறார்கள். மாமியாரும் உடன் வசிக்கிறார். இரண்டு ஆண்டுகளாகக் கணவர், சனிக்கிழமைகளில் கூடும் ஒரு சிறிய ஐக்கியத்துக்குப் போய்வருகிறார். கடந்த டிசம்பரில் பிள்ளைகள் வராந்தாவில் கட்டியிருந்த நட்சத்திரத்தை, அவர்கள் அரையாண்டுத் தேர்வுக்குப் போயிருந்த நேரத்தில் அவர் இறக்கி, பல்பு வயரைச் சுற்றி, பரணில் போட்டுவிட்டார். கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் செய்த முந்திரிக்கொத்தைத் தொடவில்லை. ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு மனைவியும் பிள்ளைகளும் மட்டும் போயிருக்கிறார்கள்.

கணவரின் வாதங்கள் இவை: டிசம்பர் 25 சூரியக் கடவுளின் பிறந்தநாள், அதை நிசேயா சங்கம் என்ற பேராயர் மாநாட்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் புகுத்தினார், ஈஸ்டர் என்பது பாபிலோனின் இஷ்தார் தேவியின் பெயர், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள், பாபிலோனியத் தெய்வமான தம்மூசுக்காக அழுத நாற்பது நாட்கள், கிறிஸ்துமஸ் மரத்தை எரேமியா 10ஆம் அதிகாரம் கண்டிக்கிறது, ஞாயிறு ஆராதனையும் கான்ஸ்டன்டைன் போட்ட சட்டமே. ஆகவே இனி லேவியராகமம் 23ஆம் அதிகாரம் சொல்லும் யூதப் பண்டிகைகள் மட்டுமே வீட்டில் இருக்க வேண்டும் என்கிறார். "அப்படியானால் என் அம்மாவும் பாட்டியும் தெரியாமலே விக்கிரக ஆராதனை செய்தார்களா? பண்டிகைகள் எல்லாம் அப்போஸ்தலர் காலத்திலிருந்தே வருபவை என்றல்லவா நான் நம்பியிருந்தேன்? சமாதானத்துக்காக நானும் விட்டுவிடவா? 'அவன் மதம் மாறிவிட்டான், விவாகரத்து வாங்கு' என்று அண்ணன்மார் சொல்வது சரியா?" என்று கேட்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் எழுப்பும் கேள்வி மதிப்புக்குரியது. அதற்காக அவர் அடுக்கும் சான்றுகளில் பெரும்பாலானவை நிற்காதவை. கேள்வியை மதித்துக்கொண்டே சான்றுகளை மறுக்க முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இப்போது உங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. குடும்ப ஆலோசனைக்கு வருவதற்கு முன் சில ஆண்டுகள் இறையியல் மாணவர்களுக்குத் திருச்சபை வரலாறு கற்பித்தவன் நான். ஆகவே வரலாற்றை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு வீட்டுக்கு வருகிறேன்.

ஈஸ்டர்: பெயருக்கு ஒரு வேர், பண்டிகைக்கு வேறொரு வேர்

இயேசு மரித்ததும் உயிர்த்ததும், எகிப்திலிருந்து விடுதலையான நினைவாக யூதர்கள் ஆசரிக்கும் பஸ்கா நாட்களில் என்பதில் நான்கு சுவிசேஷங்களும் ஒத்துப்போகின்றன. அந்தப் பண்டிகைக்கு முதல் கிறிஸ்தவர்கள் புதுப் பெயர் எதையும் தேடவில்லை. பஸ்கா என்றே அழைத்தார்கள். இன்றைக்கும் கிரேக்கரும் ரஷ்யரும் பாஸ்கா என்கிறார்கள், இத்தாலியர் பாஸ்குவா என்கிறார்கள், ஸ்பானியர் பாஸ்குவா என்றே எழுதுகிறார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்களும் பாஸ்கா என்று சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 'ஈஸ்டர்' என்ற ஒலி ஆங்கிலத்திலும், அதன் உறவான ஜெர்மன் மொழியிலும்தான் இருக்கிறது. நமக்கு நற்செய்தி கொண்டுவந்தவர்களில் ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் முன்னணியில் இருந்ததால் அந்தச் சொல் நம் வாயிலும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்தச் சொல்லின் வேர் என்ன? 725ஆம் ஆண்டில் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி, காலக் கணக்கைப் பற்றி எழுதிய நூலில், தம் முன்னோர் ஏப்ரலை ஒட்டிய மாதத்தை ஏயோஸ்ட்ரே என்ற தேவியின் பெயரால் அழைத்தார்கள் என்றும், அந்த மாதத்தின் பெயரே பண்டிகைக்கு வந்துவிட்டது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். எனவே பெயரில் புறஜாதி வாசனை இருக்கலாம் என்று உங்கள் கணவர் சொன்னால் அதை மறுக்க வேண்டாம். ஆனால் அது இஷ்தார் அல்ல. இஷ்தார் அக்காத் மொழிப் பெயர், செமித்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈஸ்டர் ஜெர்மானிய மொழிச் சொல், கிழக்கு, விடியல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ஆங்கில உச்சரிப்பில் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதைத் தவிர எந்த உறவும் இல்லை. அந்த ஆங்கிலப் பெயர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சிமிர்னாவிலும் ரோமிலும் பஸ்கா கொண்டாடப்பட்டுவிட்டது.

சிமிர்னா என்றதும் ஒரு நிகழ்ச்சியை நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அது உங்கள் வீட்டுச் சண்டையின் அசல் முன்னோடி. ஆசியா மைனரின் (இன்றைய துருக்கி) சபைகள் யூதரைப் போலவே, யூத மாதமான நிசானின் 14ஆம் நாளில், அது எந்தக் கிழமையானாலும், பஸ்காவை ஆசரித்தன. ரோமச் சபையோ அடுத்துவரும் ஞாயிறில் ஆசரித்தது. 155ஆம் ஆண்டை ஒட்டி, சிமிர்னாவின் முதிய பேராயர் பொலிகார்ப் ரோமுக்கு வந்து அங்கிருந்த பேராயர் அனிசேத்துவுடன் இதைப் பேசினார். யோவானிடமிருந்து பெற்ற வழக்கத்தை விட மாட்டேன் என்றார் ஒருவர். என் முன்னோர் வழக்கத்தை விட மாட்டேன் என்றார் மற்றவர். இருவரும் இணங்கவில்லை. ஆனாலும் ஒன்றாக நற்கருணையில் பங்குகொண்டார்கள், தம் சபையில் அதை நடத்தும் பொறுப்பை அனிசேத்து பொலிகார்ப்பிடமே கொடுத்தார், சமாதானமாகப் பிரிந்தார்கள். 190ஆம் ஆண்டை ஒட்டி ரோமப் பேராயர் விக்டர், ஆசிய சபைகளை விலக்கிவைக்க முனைந்தபோது, லியோன் நகரின் பேராயர் இரேனியு இந்த நிகழ்ச்சியை நினைவூட்டித்தான் அவரைக் கண்டித்தார். நாளைப் பற்றிய கருத்துவேறுபாடு அப்போஸ்தலரின் அடுத்த தலைமுறையிலேயே இருந்தது, சகோதரி. பண்டிகைகள் எல்லாம் அப்போஸ்தலர் காலத்திலேயே தீர்ந்து அமைந்தவை என்ற உங்கள் நம்பிக்கையையும் இந்த இடத்தில் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

325இல் கூடிய நிசேயா சங்கம் எல்லாரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. அதன்பின் கான்ஸ்டன்டைன் சபைகளுக்கு எழுதிய கடிதத்தில், யூதர்களோடு நமக்குப் பொதுவாக ஒன்றும் இருக்க வேண்டாம் என்ற கடுமையான தொனி இருந்தது. இங்கே உங்கள் கணவரின் ஆதங்கத்துக்கு நியாயம் உண்டு. யூத வேரிலிருந்து முளைத்த பண்டிகையை வைத்துக்கொண்டே வேரை வெறுத்த வரலாறு திருச்சபைக்கு இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரை 'விசுவாசமற்ற' என்று குறித்த சொல் 1959இல்தான் நீக்கப்பட்டது. வேரைத் தேடும் அவர் மனத்தைக் கேலி செய்யாதீர்கள்.

பெந்தெகொஸ்தேயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பதாவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. பஸ்காவுக்குப் பின் ஏழு வாரம் எண்ணி வரும் யூத அறுவடைப் பண்டிகை அது. அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தில் எருசலேமில் அவ்வளவு ஊரார் கூடியிருந்ததற்கே அதுதான் காரணம். உங்கள் கணவர் மதிக்கும் லேவியராகமம் 23ஆம் அதிகாரத்திலேயே அது இருக்கிறது.

டிசம்பர் 25: ஒரே புத்தகத்தில் இரண்டு பதிவுகள்

கிறிஸ்துமஸ் விஷயம் அவ்வளவு நேரானதல்ல. இயேசு பிறந்த நாளை வேதம் சொல்லவில்லை. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் அதைக் கொண்டாடியதற்குச் சான்றும் இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் ஓரிகன், வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும்தான் என்று கசப்பாகவே குறிப்பிட்டார். அலெக்சாந்திரியாவின் கிளமெந்து 200ஆம் ஆண்டை ஒட்டிச் சிலர் ஊகித்த தேதிகளைப் பட்டியலிடுகிறார். அவற்றில் ஒன்று மே 20ஆம் தேதிக்கு இணையானது. டிசம்பர் 25 அந்தப் பட்டியலில் இல்லை.

டிசம்பர் 25க்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தெளிவான பதிவு, 354ஆம் ஆண்டில் ரோமில் ஒரு செல்வந்தருக்காகத் தொகுக்கப்பட்ட நாட்காட்டிச் சுவடி. அதில் இரத்தசாட்சிகளின் நினைவுநாள் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதன் முதல் வரியே, டிசம்பர் 25இல் யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்பது. பட்டியலின் உள்ளடக்கம் 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் கணிப்பு. அதே சுவடியில் அரசாங்க விடுமுறைகளைத் தரும் வேறு பக்கத்தைப் புரட்டினால், அதே டிசம்பர் 25க்கு நேராக 'வெல்லப்படாதவனின் பிறந்தநாள், 30 தேரோட்டங்கள்' என்று எழுதியிருக்கிறது. வெல்லப்படாதவன் என்பது சூரியக் கடவுளின் பட்டம். ஆக, சூரியனின் பிறந்தநாள் விழாவுக்கும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் அந்தத் தேதியில் நம் கையில் இருக்கும் பழைய சான்று ஒரே புத்தகம்தான். பேரரசர் அவுரேலியன் 274இல் ரோமில் சூரியனுக்குக் கோயில் எழுப்பியது உண்மை. எந்த விழாவைப் பார்த்து எந்த விழா அந்தத் தேதிக்கு வந்தது என்பதில் ஆய்வாளர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள்.

சூரிய விழாவைப் பார்த்து வைத்த தேதி அல்ல என்னும் இரண்டாவது பக்கத்தாரின் வாதம், உங்கள் கணவர் பக்கத்துக் காணொளிகளில் வராது என்பதால் அதையும் சொல்கிறேன். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், இயேசு மரித்த நாளை ரோம நாட்காட்டியில் மார்ச் 25 என்று கணக்கிட்டிருந்தார். மரித்த நாளும் கருவான நாளும் ஒன்றே என்ற நம்பிக்கை பண்டைச் சபையில் இருந்தது. அகுஸ்தீன் அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணுங்கள், டிசம்பர் 25 வருகிறது. கிழக்குச் சபைகள் ஜனவரி 6ஆம் தேதியை வைத்துக்கொண்டிருந்தன. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் அந்த நாளில்தான் பிறப்பைக் கொண்டாடுகிறது. இந்தக் கணக்கு வரலாற்று உண்மை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படிக் கணக்குப் போட்டவர்கள் சூரியனைப் பார்த்துப் போடவில்லை, பஸ்காவைப் பார்த்துப் போட்டார்கள்.

நிசேயா சங்கம் இயற்றிய 20 சட்டங்களில் கிறிஸ்துமஸ் பற்றி ஒரு சொல் இல்லை. கிறிஸ்துமஸின் மூலமென்று சிலர் சொல்லும் ரோமர்களின் சாட்டர்னேலியா, டிசம்பர் 17இல் தொடங்கி 23இல் முடிந்துவிடும் விழா. இந்த இரண்டையும் கணவரே எந்த நல்ல வரலாற்று நூலிலும் சரிபார்க்கலாம்.

அதேநேரம், புறஜாதி வழக்கம் உள்ளே நுழையவே இல்லை என்று நீங்கள் வாதாடினால் அதுவும் தவறு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் ரோமின் பேராயர் லியோ தம் கிறிஸ்துமஸ் பிரசங்கம் ஒன்றில் வருந்துகிறார்: பேதுரு ஆலயத்துக்கு வரும் விசுவாசிகளில் சிலர் படிகளில் ஏறி முடித்ததும், உள்ளே போவதற்கு முன் திரும்பி நின்று, உதிக்கும் சூரியனுக்குத் தலைவணங்கிவிட்டுப் போகிறார்களாம். மக்கள் அப்படித்தான். ஆனால் அந்தப் பிரசங்கத்தைப் படிக்கும்போது, சபை சூரிய வணக்கத்தைப் புகுத்தியதா, அதை வெளியேற்றப் போராடியதா என்பது தெளிவாகத் தெரியும்.

மற்ற குற்றச்சாட்டுகள்

தம்மூசுக்காகப் பெண்கள் அழுததை எசேக்கியேல் 8:14 சொல்கிறது. நாற்பது நாள் என்று அங்கே இல்லை. அந்த அதிகாரத்தின் முதல் வசனமே அந்தத் தரிசனத்தின் நாளை ஆறாம் மாதம் ஐந்தாம் தேதி என்கிறது. அது கோடையின் இறுதி, லெந்து காலத்துக்கு வெகு தூரம். எரேமியா 10ஆம் அதிகாரத்தில் மரத்தை வெட்டி, வெள்ளியும் பொன்னும் பூசி, ஆணியடித்து நிறுத்துகிறார்கள் என்பது வரை படித்து நிறுத்திவிடாமல் அடுத்த வசனத்தையும் படிக்கச் சொல்லுங்கள். அது பேசாது, அதைச் சுமந்துகொண்டு போக வேண்டும் என்கிறது. தச்சன் செதுக்கிய சிலையைப் பற்றிய பேச்சு அது. வீட்டுக்குள் அலங்கரித்த மரம் ரைன் நதிக்கரை ஜெர்மானியரிடம் 16ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கம். ஸ்ட்ராஸ்பர்க் நகரில் காகித ரோஜாவும் ஆப்பிளும் தொங்கவிட்ட மரங்களை 1605ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று விவரிக்கிறது. எரேமியாவுக்கும் அதற்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

ஞாயிறைப் பொறுத்தவரை, கான்ஸ்டன்டைன் 321இல் 'சூரியனின் மாண்புமிகு நாளை' ஓய்வுநாளாக அறிவித்தது உண்மைதான். ஆனால் கிறிஸ்தவர்கள் அந்த நாளில் கூடி, அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளை வாசித்து, அப்பத்தையும் ரசத்தையும் பகிர்ந்தார்கள் என்று கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் ரோமிலிருந்து எழுதியது அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பு. கிழமையின் பெயர் கோளின் பெயர் என்பதற்காக அதைத் தள்ள வேண்டுமானால், தமிழில் ஞாயிறு மட்டுமா சிக்கும்? திங்களும் செவ்வாயும் புதனும் வியாழனும் வெள்ளியும், அவர் ஐக்கியம் கூடும் சனியும் சேர்ந்தே போக வேண்டும்.

இந்த வாதங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஸ்காட்லாந்தின் சுயாதீனத் திருச்சபைப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லப் 1853இல் சிறு பிரசுரமாக எழுதி, 1858இல் விரிவாக்கிய 'இரண்டு பாபிலோன்கள்' என்ற நூலில்தான் இஷ்தாரும் தம்மூசும், ஆதியாகமத்தில் வரும் அரசன் நிம்ரோதும் இப்படி ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டார்கள். கத்தோலிக்க வழிபாடு பாபிலோனிய வழிபாடே என்று காட்டுவது அவர் நோக்கம். அந்த அம்பு சுற்றிவந்து உங்கள் வராந்தாவில் விழுந்திருக்கிறது. ரால்ஃப் உட்ரோ என்ற அமெரிக்கப் போதகர் 1966இல் ஹிஸ்லப்பின் வாதங்களை எளிமையாக்கி ஒரு நூல் வெளியிட்டார். அது மிகவும் பரவியது. பிறகு ஹிஸ்லப் காட்டிய ஆதாரங்களைச் சரிபார்த்து, அவை நிற்கவில்லை என்று கண்டு, தம் சொந்த நூலையே நிறுத்திவிட்டு 1997இல் மறுப்பு நூல் எழுதினார். விற்றுக்கொண்டிருந்த புத்தகத்தை ஒருவர் தாமே நிறுத்துவது எளிதல்ல. உங்கள் கணவர் ஒருவரைத்தான் வாசிப்பார் என்றால் அவரை வாசிக்கட்டும்.

வேர் புறஜாதியாக இருந்தால் பண்டிகை கெட்டுவிடுமா?

உண்மையிலேயே புறஜாதி வேர் உறுதியாகத் தெரிகிற பண்டிகைகளும் உண்டு. ரோமர்கள் ஏப்ரல் 25இல் பயிர் நோயைத் தடுக்க ரோபிகோ என்ற தெய்வத்துக்கு ஊர்வலமாகப் போய் நாயையும் ஆட்டையும் பலியிட்டார்கள். கவிஞர் ஓவிட் அதைக் கண்டதாகவே எழுதியிருக்கிறார். அதே ஏப்ரல் 25இல் ரோமச் சபை பயிருக்காக மன்றாட்டு ஊர்வலம் போகத் தொடங்கியது. பலி போயிற்று, விதைத்தவனின் கவலை மட்டும் மிஞ்சியது. 601இல் பேராயர் கிரகோரி இங்கிலாந்துக்குப் போன துறவிகளுக்கு எழுதிய கடிதத்தில், கோயில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றுங்கள், மக்கள் முன்போல் கிளைகளால் பந்தல் போட்டு விருந்துண்ணட்டும், ஆனால் கடவுளுக்கு நன்றி சொல்லி உண்ணட்டும் என்று ஆலோசனை கூறினார். நம் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தையும் தேர்பவனியையும் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. இது சரியா என்று கேட்க ஒருவருக்கு உரிமை உண்டு. இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸை ஒழித்தது. மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை அதைக் கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் இருந்தது. உங்கள் கணவர் பக்திமான்களின் ஒரு பழைய வரிசையில்தான் நிற்கிறார். அதனால் அவரை மூளைச்சலவை செய்யப்பட்டவர் என்று நீங்கள் எழுதியிருப்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்வேன்.

ஆனால் அவர் புகலிடமாக எண்ணும் யூத நாட்காட்டியும் அவர் தேடும் தூய்மையை அவருக்குத் தராது. யாத்திராகமத்தில் ஆபீப் என்று இருந்த மாதத்துக்கு நிசான் என்ற பெயர் பாபிலோன் சிறையிருப்பிலிருந்து வந்தது. யூத ஆண்டின் நான்காம் மாதத்தின் பெயரே தம்மூஸ். எவருக்காகப் பெண்கள் அழுததை எசேக்கியேல் கண்டித்தாரோ, அவர் பெயரைத்தான் யூதர்கள் இன்றும் மாதப் பெயராக எழுதுகிறார்கள். அதனால் அவர்கள் அந்தத் தெய்வத்தை வணங்குகிறார்கள் என்று எவரும் சொல்வதில்லை. யோவான் 10:22இல் இயேசு எருசலேமில் இருந்த தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை லேவியராகமத்தில் இல்லாதது. கிறிஸ்துவுக்கு முன் 164இல் ஏற்பட்டது. அதன் தேதியாகிய, யூத மாதமான கிஸ்லேவின் 25, மூன்று ஆண்டுகளுக்கு முன் புறஜாதியார் பலிபீடத்தில் தங்கள் பலியைச் செலுத்திய நாள். அதே நாளைத் தேர்ந்துதான் யூதர்கள் பாட்டோடு பலிபீடத்தை மீண்டும் அர்ப்பணித்தார்கள் என்று முதலாம் மக்கபேயர் நூல் சொல்கிறது. தீட்டுப்பட்ட தேதியை விட்டு ஓடாமல் மீட்டுக்கொண்டார்கள். அந்தப் பண்டிகையின்போது இயேசு தேவாலய மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தார்.

பஸ்காவை நியாயப்பிரமாணம் சொன்னபடியே ஆசரிப்பதும் இன்று இயலாது. ஆட்டுக்குட்டியைக் கர்த்தர் தெரிந்துகொண்ட இடத்தில்தான் பலியிட வேண்டும் என்கிறது உபாகமம் 16. அந்த ஆலயம் 70இல் அழிந்தது. இன்றைய யூதக் குடும்பங்களின் பஸ்கா மேசை முறை, அந்த இழப்புக்குப் பின் அவர்களுடைய ரபிகள் வகுத்து வளர்த்தது. உங்கள் கணவரின் ஐக்கியத்தில் நடந்ததாக நீங்கள் எழுதிய பஸ்கா விருந்தும் அதைப் பார்த்து அமைத்த ஒன்றே. அது மரியாதையோடு நடந்தால் தவறில்லை, ஆனால் இயேசு உண்ட இராப்போஜனத்தின் அச்சு அசல் அதுதான் என்று எண்ண இடமில்லை.

இனி வீட்டுக்கு வருவோம்

உங்கள் அம்மாவும் பாட்டியும் விக்கிரக ஆராதனை செய்யவில்லை. அதிகாலை நான்கு மணி ஆராதனைக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த பெண்ணின் மனத்தில் யார் இருந்தார் என்பதை, அவள் கேள்விப்பட்டேயிராத ரோமத் தெய்வத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ரோமர் 14ஆம் அதிகாரத்தில் பவுல் எடுத்துக்கொண்ட வழக்கு ஏறக்குறைய உங்களுடையதுதான்: ஒரு நாளை விசேஷமாக எண்ணுபவனும் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுபவனும் ஒருவரையொருவர் நியாயந்தீர்க்கக் கூடாது என்கிறார். அது அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

மூன்று விஷயங்களைத் தனித்தனியே பிரித்து வையுங்கள். முதலாவது, அவருடைய மனச்சாட்சி: அவர் கேக் தின்ன வேண்டாம், ஈஸ்டர் ஆராதனைக்கு வர வேண்டாம், கட்டாயப்படுத்தாதீர்கள், மாமியார் வழியாகக் கண்ணீர் விட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள். இரண்டாவது, உங்களுடைய மனச்சாட்சி: சமாதானத்துக்காக நீங்கள் நம்புவதை விட்டுவிடுவதாகச் சொன்னால், அந்தச் சமாதானம் அடுத்த லெந்து வரைகூடத் தாங்காது என்பது என் அனுபவம். மூன்றாவது, பிள்ளைகளின் வீடு: அங்கே தனியாக முடிவெடுக்க இருவருக்குமே அதிகாரமில்லை.

அவர் நட்சத்திரத்தை இறக்கிய முறைதான் உங்கள் மகனைக் காயப்படுத்தியிருக்கிறது என்று கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது. ஒன்பது வயதுப் பையனுக்கு நிம்ரோது யாரென்று தெரியாது. தான் இல்லாத நேரத்தில் தன் கையால் கட்டியது காணாமற்போனது மட்டும் தெரியும். ஆகவே கணவரிடம் வரலாற்றைப் பேசுவதற்கு முன் இதை மட்டும் பேசுங்கள்: "உங்கள் நம்பிக்கையை மாற்றச் சொல்லவில்லை, அவனிடம் கேட்காமல் எடுத்ததற்கு மட்டும் அவனிடம் வருத்தம் சொல்லுங்கள்." மகள் "அப்பா சொல்வது பொய்யா?" என்று கேட்டதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. அப்பா பொய் சொல்லவில்லை, அவர் வாசித்த புத்தகம் தவறியிருக்கிறது, அவர் கேள்வி நல்ல கேள்வி என்று சொல்லலாம். அவளைத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார வைக்காதீர்கள். மறுப்புக் காணொளிகளை அவருக்கு அனுப்புவதையும் இன்றோடு நிறுத்துங்கள்; பதிலுக்குப் பதில் அனுப்பிக்கொண்டே போனால் இருவரும் ஒரே கட்டிலில் முதுகைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்ப்பதில்தான் முடியும்.

விவாகரத்துப் பேச்சைப் பற்றி: அண்ணன்மார் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, துணைவர் வேறு மதத்துக்கு மாறி கிறிஸ்தவராக இல்லாமற்போவதை ஒரு காரணமாக ஏற்கிறது. அதே கிறிஸ்துவை அறிக்கையிட்டு, அதே வேதத்தை வைத்துக்கொண்டு, ஒரு சபையிலிருந்து வேறொரு சபைக்குப் போவது மதமாற்றம் அல்ல. அவர் கை ஓங்கியதில்லை, குரல்கூட உயர்த்தியதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சிலவற்றைக் கவனித்து வாருங்கள்: சம்பளத்தில் பெரும்பங்கு உங்களிடம் சொல்லாமல் ஐக்கியத்துக்குப் போகிறதா, மாமியாரின் மருந்தையோ பிள்ளைகளின் சிகிச்சையையோ நிறுத்தச் சொல்கிறார்களா, உறவினரைப் பார்க்கக் கூடாது என்கிறார்களா, நீங்கள் ஆலயத்துக்குப் போவதை அவர் தடுக்கிறாரா. இவற்றில் எது நடந்தாலும் நாட்காட்டிப் பிரச்சினை என்ற எல்லையை அது தாண்டிவிடும். அப்போது தாமதிக்காமல் ஆலோசகர் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், அவரிடம் ஒரு ஏற்பாட்டை முன்வையுங்கள். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28ஆம் தேதி வருகிறது; யூதர்களின் பஸ்கா ஏப்ரல் 21 மாலை தொடங்குகிறது. ஏறக்குறைய ஒரு மாத இடைவெளி இருப்பதால் ஒன்று மற்றொன்றோடு மோதாது. ஈஸ்டர் காலையில் பிள்ளைகள் உங்களோடு ஆலயத்துக்கு வரட்டும். ஏப்ரல் மாலையில் உங்கள் சாப்பாட்டு மேசையில் அவர் புளிப்பில்லாத அப்பம் வைத்து, யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டட்டும். நீங்களும் உட்காருங்கள், கேலியில்லாமல். பெரிய வெள்ளியன்று ஏன் இயேசுவை ஆட்டுக்குட்டி என்கிறோம் என்பது உங்கள் மகளுக்கு அந்த மேசையில் நன்றாகவே விளங்கும்.

அதற்கு முன் டிசம்பர் வரும். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது என்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், சம்பந்தமில்லாததுபோல எழுதியிருக்கிறீர்கள். அதை ஆயுதமாக்க வேண்டாம், ஆனால் மாமியாரின் அறை ஜன்னல் மாமியாருடையது. வராந்தா வேண்டாமென்றால் நட்சத்திரம் அந்த ஜன்னலில் தொங்கலாம் என்று கணவரிடம் முன்கூட்டியே, நவம்பரிலேயே, பிள்ளைகள் தூங்கிய பிறகு கேளுங்கள். சம்மதித்தால் பரணில் ஏறி நீங்கள் எடுக்காதீர்கள். கணவரே இறக்கித் தரட்டும். கட்டுவது மகனாக இருக்கட்டும். கட்டும்போது அவர் கூட நிற்க வேண்டும் என்று கேட்காதீர்கள்.